என் பெயரில் அமுதா பார்த்த வேலை

அன்றைக்குப் புதன்கிழமை. பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம் என்பதால், இரண்டு மணிக்குப் பேசலாம் என்று அந்த வெளிநாட்டுக்காரருக்குப் பதில் எழுதச் சொல்லியிருந்தேன்.

“ஏன்னு கேட்டா?” என்றாள் என் மனைவி அமுதா.

“சொந்த வேலை இருக்குதுன்னு போடு.”

அவர் கேட்கவே இல்லை. சரி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

குளித்து, திருநீறு பூசி, வெளுத்த சட்டை போட்டு உட்கார்ந்தேன். கேமராவுக்கு இடுப்பு வரைக்கும்தான் தெரியும், கீழே லுங்கியே போதும் என்று மச்சான் குமரேசன் சொல்லியிருந்தான். எனக்கு மனசு ஒப்பவில்லை. வேட்டிதான் கட்டினேன். லேப்டாப்பை அரிசி டின்மேல் உயர்த்தி வைத்தாயிற்று. எனக்குப் பின்னால் எங்கள் இரும்பு பீரோ. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் சந்தில் அமுதா குந்தியிருந்தாள்.

திட்டம் இதுதான். அவர் கேட்பது அவள் காதில் விழும். பதிலை அவள் மெதுவாகச் சொல்வாள். நான் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அன்றைய பேச்சில் முடிவாகப்போவது ஒரு வருட வேலை. அதுவரை துண்டு துண்டாக வந்ததெல்லாம் ஒன்றாகி, நிற்காமல் வரும் வேலையாக மாறும். “உங்களுடன் நேரில் பேசிய பிறகு முடிவு செய்கிறேன், திரு. சிவலிங்கம்” என்று எழுதியிருந்தார். சிவலிங்கம் நான்தான். வேலை தெரிந்தவள் பீரோவுக்குப் பின்னால் இருக்கிறாள்.

லேப்டாப் மணியடித்தது. 

ஆதாரை நீட்டிய கை

நான் ஏணியிலிருந்து விழுந்து முழங்கால் போன கதையைச் சென்ற வாரம் இந்தப் பகுதியில் சொல்லியிருந்தேன். வயரிங் வேலைக்காரனால் ஏணி ஏற முடியாதென்றால், வீட்டில் என்ன நிலைமை இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் சிதம்பரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் குமரேசன் எங்களை வரச் சொன்னான். அமுதாவின் தம்பி. வாய் கொஞ்சம் ஜாஸ்தி, மனசு தங்கம். கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகப் பஸ்ஸில் போய் இறங்கினோம். முதலில் கோயிலுக்குப் போய்க் கூத்தனைத் தரிசித்துவிட்டு அவன் கடைக்குப் போனோம்.

“அக்கா தமிழ் டைப்பிங்ல ஹையர் பாஸ் பண்ணியிருக்குது, மாமா. அந்த சர்ட்டிபிகேட்ட பொட்டியில வச்சிப் பூட்டிட்டீங்க. இப்ப நெட்ல அதுக்கு வேலை இருக்குது. எங்கயோ பேசின பேச்ச ரெக்கார்டு பண்ணி அனுப்புவான். காதுல கேட்டு டைப் பண்ணி அனுப்பணும். அவ்ளோதான்.”

“நேர்ல பாக்காமலேவா?”

“பாக்காமலேதான்.”

“பாக்காதவன் எப்படிடா காசு குடுப்பான்?”

“நீங்க மட்டும் நேர்ல பாத்துட்டா தெனம் கும்புடுறீங்க?”

“டேய், அதையும் இதையும் சேக்காத.”

அமுதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வேலை கொடுப்பவர்களும் வேலை தேடுபவர்களும் கூடும் ஒரு தளம் அது. ஒரு சந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரை கிடையாது, வாசல் கிடையாது, உலகத்தில் யார் வேண்டுமானாலும் கடை போடலாம். கடை போட ஒரு கணக்குத் திறக்க வேண்டும். முதல் கட்டத்தில் பெயர் கேட்டது.

நான் சட்டைப் பையிலிருந்து என் ஆதார் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

யோசித்து வைக்கவில்லை. கேஸ், கரண்ட் பில், ரேஷன் கார்டு, செம்மண்டலத்து வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாம் என் பெயரில்தான். எந்த ஆபீஸ் ஜன்னலில் எவர் பெயர் கேட்டாலும் என் கை தானாகப் பைக்குள் போகும். பழக்கம்.

அமுதாவும் தன் கைப்பையிலிருந்து ஆதாரை எடுத்திருந்தாள். மேசையில் என்னுடையது கிடப்பதைப் பார்த்ததும் தன்னுடையதைத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டாள். அதை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

குமரேசன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்காவைப் பார்த்துவிட்டு டைப் அடிக்க ஆரம்பித்தான்.

அடுத்தது புகைப்படம். என் போனில் இருந்த நடராசர் படத்தைக் கொடுத்தேன். முதல் படம் நம் படமாக இருக்கலாமா? மறுநாள் அந்தத் தளத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேலை செய்பவரின் முகம்தான் வேண்டுமாம்.

“மாமா, அவுரு வேலை கேட்டு வரலியே” என்றான் குமரேசன்.

என் முகத்தைக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள். அதுவும் வேலை செய்பவரின் முகம் இல்லை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சத்தம் இல்லாத வீடு

இங்கே பழைய கதை கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம். கரும்பும் நெல்லும் போட்ட குடும்பம். வீட்டில் முட்டைகூட வராது. அமுதா கடலூர்க் கடற்கரைக் குப்பத்துப் பெண். மாசி மகத்துக்குச் சீரியல் லைட் கட்டப் போன இடத்தில்தான் அவளை முதலில் பார்த்தேன். ஓர் ஐஸ் வியாபாரியை நிற்க வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தெருவின் அந்தக் கோடியில் கம்பத்தின் மேல் இருந்தேன். அங்கே ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக வந்து சேர்ந்தது.

அந்தக் குரலைத்தான் நான் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டேன்.

இரண்டு பக்கமும் சண்டை. என் அப்பா இரண்டு வருடம் பேசவில்லை. கடைசியில் என் அம்மா வந்து சில கட்டுப்பாடுகள் சொன்னார். வீட்டில் மீன் வாசனை வரக்கூடாது. குப்பத்துப் பேச்சு வரக்கூடாது. சத்தமாகப் பேசக்கூடாது.

“சரிங்கத்தை” என்றாள் அமுதா.

அவ்வளவுதான். மீனை விட்டாள். என்னோடு சேர்ந்து விரதம் இருந்தாள், பதிகம் பாடக் கற்றுக்கொண்டாள். குரலைத் தணித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அடுப்படியிலிருந்து ஒரு தரம்கூட என்னைக் கூப்பிட்டதில்லை. கைக்காரியத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்று “ஏங்க” என்பாள். நான் அதை அவளுடைய அமைதி என்று நினைத்துக் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏழு பேர்

முதல் ஒரு மாதம் நாங்கள் போட்ட விண்ணப்பங்களுக்குப் பதிலே வரவில்லை. பிறகு சின்னச் சின்னதாக வந்தது. யாரோ ஒரு டாக்டரின் பேச்சு, யாரோ ஒருவரின் சமையல் குறிப்பு. அமுதா ராத்திரிச் சோற்றுக்கு உலை வைப்பதற்குள் முடித்து அனுப்பிவிடுவாள். அனுப்பியதும் மஞ்சள் நட்சத்திரங்கள் வரும். அவற்றை நான் பூசை அறையில் நின்று படிப்பேன்.

அப்புறம்தான் ஹான்சன் வந்தார். பெயர்ப் பலகையில் ‘வி. ஹான்சன், நார்வே’ என்று இருந்தது. எங்கே இருக்கிறது என்று குமரேசன் படத்தில் காட்டினான். உலகத்தின் உச்சந்தலையில் இருந்தது. அவர் ஆங்கிலத்தில் எழுதுவார். போனில் மொழிபெயர்த்துப் படிப்போம். எங்கள் பதிலைப் போன் ஆங்கிலமாக்கும். இப்படித்தான் ஓடியது.

அவர் அனுப்பிய முதல் ஒலியைக் கேட்டதும் நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். நம் கடலூர் மீன் இறங்குதளம்! விற்பவர்களிடம் சொல்லிவிட்டு, நடுவில் மைக்கை வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். படகு இன்ஜின், காக்கை, ஐஸ் உடைக்கிற சத்தம். அதற்கு உள்ளே கூட்டமாகப் பெண்கள், ஒரே சமயத்தில். யார் பேசுவது, என்ன பேசுவது, ஒன்றும் புரியாது. இதற்கு முன் நான்கு பேரிடம் கொடுத்தாராம். நான்கு பேரும் ‘தெளிவில்லை, தெளிவில்லை’ என்று எழுதித் திருப்பிவிட்டார்களாம்.

அமுதா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

கொஞ்ச நேரம் கழித்து, “ஏழு பேரு” என்றாள்.

“என்னா?”

“மொத்தம் ஏழு பொம்பளைங்க. ஒருத்தி வெத்தல போட்டிருக்கா. ஒருத்தி மத்தவங்களுக்கு மூத்தவ, இவ பேசும்போது கொஞ்சம் அடங்குறாங்க பாருங்க. ஒருத்திக்கு இன்னைக்கு மீனு சரியா கெடைக்கல.”

“அதெப்படித் தெரியும்?”

“குரல்ல தெரியுதே.”

நான் வாங்கிக் கேட்டேன். காக்கைதான் கேட்டது.

சிதம்பரத்தில் தீபாராதனை நேரத்தில் அத்தனை மணியும் சேர்ந்து அடிக்கும்போது நின்றிருக்கிறேன். அந்த ஓசைக்குள் கரைந்துபோகத் தெரியும். ஒரு மணியைத் தனியாகப் பிரித்தெடுத்து இது இன்ன மணி என்று சொல்ல எந்தக் காலத்திலும் தெரிந்ததில்லை. என் வீட்டில், மின்விசிறிக்குக் கீழே பாய்மேல் உட்கார்ந்து, அதை ஒருத்தி செய்துகொண்டிருந்தாள். திரையில் வரிசையாக விழுந்தது: பெண் ஒன்று சொல்வது, பெண் ஐந்து சொல்வது, இரண்டும் மூன்றும் சேர்ந்து சிரிப்பது.

ஒரு நாள் நான் பூசையில் இருந்தபோது கூடத்திலிருந்து, “தூக்குடி கூடைய! வெயில் ஏறுது பாரு!” என்று ஒரு சத்தம். கையிலிருந்த மணி நழுவிவிட்டது. யாரோ தெருவிலிருந்து உள்ளே வந்துவிட்டார்கள் என்று ஓடிப்போய்ப் பார்த்தால், ஹெட்போனோடு அமுதாதான். காதில் கேட்டதைத் தன்னை அறியாமல் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள்.

என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. “சத்தமா பேசிட்டேனாங்க?”

“இல்ல, இல்ல” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஹான்சன் எழுதிய பாராட்டுகளைப் போன் இப்படி மொழிபெயர்த்தது: “திரு. சிவலிங்கம் அவர்களின் காது அபூர்வமானது.” அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை.

ஊரில் ஒரு காது குத்து. பந்தியில் என் மாமன் மகன் கேட்டான்: “கம்ப்யூட்டர்ல வெளிநாட்டு வேலை பாக்குறியாமே மச்சான்? கேள்விப்பட்டேன், பெரிய ஆளுடா நீ.”

“ஏதோ, ஆண்டவன் புண்ணியம்” என்றேன்.

அந்தப் பந்தியில் சாம்பார் வாளியோடு வந்தவள் அமுதா. என் இலையில் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். நான் பொய் சொல்லவில்லை, கடவுளைத்தானே சொன்னேன் என்று அன்று எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன். அவள் பெயரைச் சொன்னால், என்ன வேலை என்பார்கள். மீன் மார்க்கெட்டுப் பேச்சை எழுதுகிறாள் என்று சொல்ல வேண்டும். அந்தப் பந்தியில், அந்த உறவுகளுக்கு நடுவில், என் வாயில் அது வராது.

ஒரே மூச்சில் இரண்டு விலை

மறுபடியும் அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். லேப்டாப் மணியடித்தது. பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

கண்ணாடி போட்ட ஓர் அம்மா தெரிந்தார். நம் நிறம். கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டு. பின்னால் ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை வெளேர்.

“வணக்கம்” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஹான்சன் சார் இல்லைங்களாம்மா?”

அவர் கலகலவென்று சிரித்தார். “நான்தான் ஹான்சன். வதனி ஹான்சன். கலியாணம் முடிச்ச இடத்துப் பேர். நாங்கள் யாழ்ப்பாணம், மூண்டு வயசில இஞ்ச வந்திட்டம். தமிழ் கதைப்பன், எழுத்துக் கூட்டி வாசிப்பன், எழுத வராது. அதுக்குத்தான் உங்களைத் தேடிப் பிடிச்சனான், அண்ணை.”

எத்தனை மாதம்! இந்தப் பக்கமும் தமிழ், அந்தப் பக்கமும் தமிழ், நடுவில் போனை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் திண்டாடியிருக்கிறோம். பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன மூச்சுச் சத்தம் கேட்டது. அமுதா சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது.

ஊர் ஊராக மீன் விற்கும் பெண்கள் எப்படிப் பேரம் பேசுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறவராம் வதனி. கொஞ்சம் பொதுவாகப் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

“உங்களுக்கு இன்னும் அனுப்பாத ஒரு இடம் இருக்கு, அதை உங்களிட்டக் கேக்க வேணும். ஒரே மனுசி ஒரே மூச்சில ரெண்டு விலை சொல்லுறா. ஒரே மீன்தான். ஒருத்தருக்கு ஒரு விலை, மற்றவருக்கு வேற விலை. ஆளைப் பாத்து ஏமாத்துறா எண்டு நான் எழுதி வச்சிருக்கிறன். அது சரிதானே அண்ணை? போடுறன், கேளுங்கோ.”

இரைச்சல் ஓடியது. இன்ஜின், ஐஸ், காக்கை. நான் காதைச் சாய்த்து, தலையை ஆட்டி, கேட்பது போல உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து பதில் வரவில்லை. வதனி காத்திருந்தார். 

“ஆமாங்க” என்றேன். “அப்படித்தாங்க இருக்கும். ஏமாத்துறதுதான்.”

“இல்ல!”

இரும்பு பீரோவே அதிர்ந்தது. கம்பத்தின்மேல் நின்று நான் கேட்ட குரல்.

“அவ ஏமாத்தல! அதுல பாதி அவ மீனே இல்ல!”

புடவைத் தலைப்பில் ஒட்டடையோடு அமுதா வெளியே வந்து நின்றாள். வதனி திரைக்கு நெருங்கி வந்தார். “ஆர் அது?”

“என் வீட்டுக்காரிங்க.”

அமுதா என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துப் பேசினாள். “பக்கத்துல ஒக்காந்திருக்குறவ கைப்புள்ளக்காரிம்மா. புள்ள அழுவுது, பால் குடுக்கப் போறா. ‘அக்கா, என் கூற பாத்துக்க, இவ்ளோன்னா குடுத்துடு’ன்னு சொல்லிட்டுப் போறா. அந்தப் பெரிய குரலுக்கு அடியில இருக்குது, நல்லா கேளுங்க. அதுக்கப்புறம் இவ ரெண்டு கூறு மீனையும் விக்கிறா. ஒண்ணு தன்னுது, தன் வெல. இன்னொண்ணு அவளுது, அவ சொன்ன வெல. அவ கூறுக்குக் கொறச்சலா கேட்டா குடுக்க மாட்டா. ஏன்னா அது அடுத்தவ மீனு.”

வதனி மறுபடி போட்டார். மறுபடி. நான்காம் தடவை அவர் கை வாயருகே போனது. எனக்கும்கூட அப்போதுதான், ஒரு நூல் போல, ஒரு குழந்தை அழுவது கேட்டது.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “நான் இவையைக் கள்ளர் எண்டு எழுதிப்போட்டு, அச்சுக்குக் குடுக்க இருந்தனான்” என்றார் மெதுவாக. பிறகு கேட்டார். “அக்கா, இவ்வளவு நாளும் எழுதினது நீங்களோ?”

 அமுதா என் பக்கம் திரும்பினாள். அந்தக் கேள்விக்கு அவள் பதில் சொல்லப்போவதில்லை என்று எனக்குப் புரிந்தது.

“அவதாங்க” என்றேன். “ஒரு எழுத்துகூட என்னுது இல்ல. நான் வயரிங் வேலைக்காரன்.”

“பிறகேன் உங்கட பேரில?”

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

வதனி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “ஒருத்தற்ற பேரில இன்னொருத்தர் செய்யக்கூடாது, அது அந்தத் தளத்தின்ர சட்டம். தெரிஞ்ச பிறகு இந்தக் கணக்குக்கு நான் வேலை தர ஏலாது. அக்கான்ர பேரில கணக்குத் திறவுங்கோ. மாசக் கடைசி வரைக்கும் பாத்திருப்பன். அதுக்கு மேல என்ர கையில இல்லை, வேற ஆளுக்குக் குடுத்தாக வேணும்.”

திரை அணைந்தது.

யாருடைய கூறு

 அமுதா தலைப்பிலிருந்த ஒட்டடையை எடுத்துக்கொண்டே பேசினாள்.

“கைப்புள்ளக்காரி திரும்பி வருவா இல்ல, அப்ப அவ மடியில அவ காசப் போட்டுடுவா. யாராச்சும் நல்ல மீனும்மான்னு மெச்சினாக்கூட, ‘என்னுது இல்லக்கா, அவளுது’ம்பா. நாங்க அப்படித்தாங்க விப்போம்.”

என்னைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. நினைவு வந்ததைச் சொன்னாள். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுநாளே சிதம்பரம் போய்க் கணக்கை மூடச் சொன்னேன். குமரேசன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

“மாமா, இத்தினி பேரு குடுத்த அஞ்சு ஸ்டாரு மாமா! மூடினா அத்தனையும் போயிடும். அக்கா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். கொஞ்சம் சும்மா இருங்க, யாருக்குத் தெரியப்போவுது?”

“அது என்னுது இல்லடா மச்சான். மூடு.”

மூடினான். அமுதாவின் ஆதாரை அவளே மேசைமேல் வைத்தாள். அவள் முகம், அவள் பெயர்.

ஆனால் வேலை முடியவில்லை. தெரிந்த தொழில் என்ன என்று கேட்ட இடத்தில், டைப்பிங் என்று மட்டும் போடச் சொன்னேன். மரியாதையாக இருக்கும் என்று நினைத்தேன். தளத்திலிருந்து திருப்பிவிட்டார்கள். இதே வேலைக்கு ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்களாம். வார்த்தையை மாற்றிப் போட்டோம். அதே பதில். மாதம் முடிய நான்கு நாள்தான் இருந்தது.

திருப்பாதிரிப்புலியூர் கோயிலுக்குப் போய்ப் பிராகாரத்தைச் சுற்றினேன். முழங்கால் வலியோடு ஒன்பது சுற்று. அவளுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்ளப் போனேன். ஆனால் அந்த வேண்டுதல் வாயில் நிற்கவில்லை. கைப்பைக்குள் திரும்பிப் போன அந்த ஆதார் அட்டையும், என் இலையைத் தாண்டிப் போன சாம்பார் வாளியும்தான் கண்ணில் நின்றன. இறைவன் சில நாள் பதில் தருவதில்லை, நாம் செய்ததை மட்டும் எடுத்துக் காட்டுகிறான். நான் கண்டது அவ்வளவுதான். அதற்கு மேல் படித்தவனில்லை நான்.

வீட்டுக்கு வந்ததும் அமுதா கேட்டாள். “ஏங்க, மீன் வித்தேன்னு போடட்டுமா?”

அந்தப் பக்கத்தை உலகமே பார்க்கலாம். மேல்பட்டாம்பாக்கமும் பார்க்கலாம். என் அம்மா காலமாகி எட்டு வருடம். ஆனாலும் ஒரு கணம் அவர் வாசலில் நிற்பது போல இருந்தது.

“போடு” என்றேன். “எத்தினி வயசுலேர்ந்துன்னும் சேத்துப் போடு.”

அவளே அடித்தாள். ‘பன்னிரண்டு வயதிலிருந்து கல்யாணம் வரை கடலூரில் மீன் விற்றேன். சந்தையில் எத்தனை பேர் சேர்ந்து பேசினாலும் பிரித்துக் கேட்டு எழுதுவேன்.’ குமரேசன் போனிலேயே அதை ஆங்கிலமாக்கிக் கொடுத்தான்.

ஒரு நிமிட வீடியோ

“அக்கா, ஒரு நிமிஷம் வீடியோவும் போடு. சீக்கிரம் பாப்பாங்க” என்றான் குமரேசன். “எதையாச்சும் பாத்துப் படிக்காத. அந்தச் சத்தத்துல ஒனக்கு என்னா கேக்குதோ, அதச் செஞ்சு காட்டு.”

காலை வெயில் கூடத்தில் விழுந்திருந்தது. நான் போனைப் பிடித்துக்கொண்டேன். அமுதா சுவரோரம் நின்றாள். ஆரம்பித்தாள். எங்கள் வீட்டுக் குரலில்தான் ஆரம்பித்தாள். எனக்கே கேட்கவில்லை.

“இன்னும் சத்தமா.”

கொஞ்சம் ஏற்றினாள்.

“இது இல்ல அமுதா. சத்தமா.”

“அக்கம்பக்கத்துல கேக்குங்க.”

“கேக்கட்டும்.”

என்னை ஒரு தரம் உற்றுப் பார்த்தாள். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். தரையில் குந்தினாள். எதிரில் இல்லாத கூடையை இழுத்து வைத்துக்கொண்டாள்.

“வாங்கக்கா, வாங்க! சங்கரா, சங்கரா! கண்ணப் பாரு, செவுளப் பாரு, துள்ளுது பாரு!”

மூத்தவள் பேசினாள். வெற்றிலை போட்டவள் பதில் சொன்னாள். மீன் சரியாகக் கிடைக்காதவள் முணுமுணுத்தாள். குழந்தை அழுதது. “அக்கா, என் கூற பாத்துக்க” என்று ஒரு மெல்லிய குரல் எழுந்து போனது. ஐஸ் உடைந்தது. ஏலக்காரன் கத்தினான். ஏழு பேரும் வேறு வேறு ஆளாக, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு, ஒரே வாயிலிருந்து வந்தார்கள். ஜன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது.

 கற்பூரம் காட்டும்போது நிற்பது போல நின்றிருந்தேன். இருபத்திரண்டு வருடமாக இவ்வளவு பேரையும் உள்ளே வைத்துக்கொண்டுதான் இவள் என் பக்கத்தில் வந்து “ஏங்க” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

மீன் விற்றவள் என்று எழுதியதைப் பார்த்தார்களோ, இந்த வீடியோவைப் பார்த்தார்களோ, எனக்குத் தெரியாது. இரண்டாம் நாள் அமுதாவின் கணக்கு திறந்தது. மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போது வதனியின் வேலை அவள் பெயருக்கு வந்துவிட்டது. இன்றைக்கும் நடக்கிறது. அவள் கணக்கில் ஒரு நட்சத்திரம்கூட இல்லாமல்தான் ஆரம்பித்தாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வீடியோ முடிந்த அடுத்த நிமிடத்தை.

அமுதா மூச்சு வாங்கிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். வாசல் கேட் தட்டும் சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். எதிர் வீட்டு அம்மா. கையில் ஒரு பாத்திரம், முந்தானையில் முடிந்த பணம். எங்கள் வீட்டு வாசலில் அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கே சங்கடமாக இருந்தது.

“அண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க. இப்ப மீன்காரம்மா கூவுனாங்களே, தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு. எந்தப் பக்கம் போனாங்க?”

“எங்கயும் போகலம்மா” என்றேன். “உள்ளதான் இருக்காங்க. என் சம்சாரம்.”